காத்திருந்த இயந்திரமும் பெர்னடீன் ஹூடாக்கும்

பெர்னடீன் ஹூடாக் அந்த வேலைக்கு வருவதற்கு முன்பு, பல்கலைக்கழகத்துக் கணினியைக் கவனித்துக்கொள்ள ஆள் என்று யாரும் இல்லை. யாருக்கு எந்த நேரம் ஒதுக்கப்பட்டிருக்கிறதோ அவர் தன் கணக்கைத் துளைகளாகப் பதித்த அட்டைக் கட்டைத் தூக்கிக்கொண்டு உள்ளே வருவார். தானே அட்டைகளைப் போடுவார், தானே பொத்தானை அழுத்துவார். ஒரு பேராசிரியர் மூக்குக்கண்ணாடியைத் தேடியே பாதி நேரத்தைக் கழிப்பார். இன்னொருவர் அட்டைகளைக் கீழே கொட்டிவிட்டு முட்டிபோட்டுப் பொறுக்குவார். அதுவரை, அந்த வளாகத்திலேயே விலை உயர்ந்த பொருள் சும்மா உட்கார்ந்திருக்கும். பார்த்துப் பார்த்து வயிறெரிந்த நிர்வாகம் கடைசியில் கதவைப் பூட்டியது. சுவரில் ஒரு ஜன்னல் வைத்து, அட்டைகளை இங்கே கொடு, விடையை இங்கே வாங்கிக்கொள் என்றது. பூட்டிய கதவுக்கு உள்ளே ஆபரேட்டர்களை உட்காரவைத்தது. அப்படி உள்ளே போனவர்களில் ஒருத்திதான் பெர்னடீன்.

அதற்கு முன் அவள் பிட்ஸ்பர்க் நகரில் ஆற்றின் தெற்குக் கரையில், உருக்காலை வாசலுக்கு எதிரே இருந்த ஒரு சாப்பாட்டுக் கடையில் தட்டு தூக்கிக்கொண்டிருந்தாள். ஷிஃப்ட் முடிந்து வருகிறவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் கத்துவார்கள். முட்டை ஒருவனுக்கு, காபி ஒருவனுக்கு, உருளைக்கிழங்கு கருகவேண்டும் என்று ஒருவனுக்கு. யாருடையதை எப்போது அடுப்பில் போட்டால் யாரும் கத்தாமல் இருப்பார்கள் என்பது அவள் உடம்போடு ஊறிப்போயிருந்தது. பிறகு மாலை வகுப்பில் அட்டை துளைக்கக் கற்றுக்கொண்டாள். பல்கலைக்கழகத்தில் துளையிடும் பெண்களோடு சேர்ந்தாள். அங்கிருந்து இயந்திர அறைக்கு.

அந்த அறை அவளுக்கு ரொம்பப் பிடித்திருந்தது. காலையில் வெளுத்துப் போட்ட சட்டைக் காலர் மதியத்துக்குள் கறுத்துவிடும் ஊர் அது. கணினிக்குப் புகை ஆகாது என்பதால் அந்த அறைக்கு மட்டும் குளிர்ந்த, சுத்தமான காற்று. "கவர்னருக்குக்கூட இந்தக் காத்து கெடையாது" என்று தங்கை லூட்மிலாவிடம் பெருமையடித்துக்கொள்வாள். சாவிக்கொத்தைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, பெரிய பெரிய பேராசிரியர்கள் ஜன்னலுக்கு வெளியே நிற்க, தான் உள்ளே நடப்பது அவளுக்குக் கொஞ்சம் கர்வமாகவும் இருந்தது. அதை மறைக்கவும் அவள் பாடுபடவில்லை.

உள்ளே அவள் செய்த வேலையைச் சொன்னால்தான் பின்னால் நடந்தது புரியும். வருகிற கட்டுகளை வரிசைப்படுத்துவாள். ஒரே நிரல்மொழியில் எழுதியவற்றை ஒன்றாகச் சேர்ப்பாள், அந்த மொழிக்கான டேப்பை ஒரே தடவை மாட்டினால் போதும் என்பதற்காக. ஒன்று முடிந்ததும் அடுத்ததைப் போடுவாள். பிறகு அந்தக் கடைசி வேலையைச் செய்ய ஒரு சின்ன நிரல் வந்தது. கட்டின் முடிவில் உள்ள அட்டையைப் பார்த்ததும் அதுவே அடுத்த கட்டைத் தொடங்கிவிடும். இயங்குதளம் என்று இன்று நாம் சொல்வதன் ஆரம்பம் இந்த மாதிரி அறைகளில்தான்: மனிதர் கையால் செய்த அலுப்பான வேலைகளை ஒவ்வொன்றாக ஒரு நிரலிடம் ஒப்படைத்தது. பெர்னடீனுக்கு அதில் வருத்தம் இல்லை. அந்த நிரல் கொஞ்சம் மந்தம் என்பதுதான் குறை. யாராவது முடிவு அட்டையை வைக்க மறந்தால், அடுத்தவருடைய அட்டைகளையும் இவருடைய கணக்கு என்று விழுங்கிவிடும். ஒருமுறை சமூகவியல் மாணவனின் விவாகரத்துக் கணக்கு ஒரு பொறியாளரின் பாலத்துக்குள் போய்விட்டது.

"உங்க பாலம் நல்லாத்தான் நிக்குது" என்று ஜன்னல் வழியாக அவரிடம் விடைத்தாளை நீட்டினாள் பெர்னடீன். "ஆனா அதுமேல போறவங்க யாரும் ஒத்துமையா இல்ல."

அறையில் எழுதப்படாத ஒரு சட்டம் இருந்தது. கணினியின் முகப்பில் வரிசை வரிசையாக விளக்குகள். அவை மினுக்கிக்கொண்டே இருந்தால் வேலை நடக்கிறது. அப்படியே உறைந்து நின்றுவிட்டால் நிரல் எங்கோ தவறி நின்றுபோய்விட்டது. உடனே இயந்திரத்தை முதலிலிருந்து தொடங்கி அடுத்தவர் வேலையைப் போட வேண்டும். நின்ற இயந்திரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பவள் ஆபரேட்டரே அல்ல. பெர்னடீனின் கை அந்தப் பொத்தானுக்குப் போகிற வேகத்தைப் பார்த்து மற்றவர்கள் கிண்டல் செய்வார்கள்.

அறுபதுகளின் பிற்பகுதியில் புதிய இயந்திரம் வந்தது. அதோடு ஒரு புதிய இயங்குதளமும் வந்தது. அதன் நடுப்பகுதிக்கு 'சூப்பர்வைசர்' என்று பெயர். இது ஒரே நேரத்தில் பல பேருடைய வேலைகளை நினைவகத்தில் வைத்துக்கொள்ளும். ஒன்று டேப்புக்காகக் காத்திருக்கும்போது இன்னொன்றை ஓட்டும். அதை நிறுவ வந்தவன் கிளிஃபர்ட் ஆஸ்டர்ஹவுஸ். படிப்பு முடித்த சூட்டோடு வந்த இளைஞன், டை எப்போதும் ஒரு பக்கமாகக் கோணியிருக்கும்.

"இது என்ன பெரிய அதிசயம் பையா?" என்றாள் பெர்னடீன். "ஒரு அடுப்புல முட்டை வேகும்போது இன்னொரு அடுப்புல ரொட்டி. நான் வருஷக்கணக்கா பண்ணது."

"அதேதான் பெர்னி. அதையேதான் நாங்க எழுதியிருக்கோம். என்ன, உங்களுக்குக் கால் வலிக்கும், இதுக்கு வலிக்காது."

"கால் வலிக்காத ஆளை வச்சுக்கிட்டா, வலிக்கிற ஆளுக்கு என்ன வேலை?"

கிளிஃபர்ட் சிரித்தான். பெர்னடீன் சிரிக்கவில்லை. ஏனென்றால் கணினிக்கூடத்தின் இயக்குநர் டாக்டர் ஆம்ஸ்லர் அப்போதே சொல்லிவிட்டார்: புதிய சிஸ்டம் நிலைத்துவிட்டால் பகலில் மூன்று ஆபரேட்டர் தேவையில்லை, ஒருவர் போதும். அந்த ஒருவர் யார் என்று அவர் சொல்லவில்லை.

புதிய சிஸ்டத்துக்காக ஆவலாகக் காத்திருந்தவள் ஹெஸ்டர் ப்ரூயிட். வேதியியல் ஆராய்ச்சியாளர். ஒரு படிகத்துக்குள் அணுக்கள் எப்படி அடுக்கப்பட்டிருக்கின்றன என்று கண்டுபிடிப்பது அவள் வேலை. அந்தக் கணக்கு ஓட ஆரம்பித்தால் நாள்கணக்கில் ஓடும். பழைய இயந்திரத்தில் அது ஓடினால் வேறு யாருக்கும் இடமில்லை. அதனால் அவளுக்கு எப்போதும் கடைசி இடம்தான். பெர்னடீனுக்கும் அவளுக்கும் நல்ல சிநேகம். வேறொரு நாட்டில் இன்னொரு குழு அதே படிகத்தை ஆராய்ந்துகொண்டிருந்தது. அவர்கள் முந்திக்கொண்டால் ஹெஸ்டரின் தற்காலிக வேலை அந்த வருடத்தோடு முடிந்துவிடும்.

வெள்ளிக்கிழமை அவளுடைய கணக்கைப் புதிய இயந்திரத்தில் ஏற்றினார்கள். சனி, ஞாயிறு முழுக்க ஓடியது. திங்கட்கிழமை காலை பெர்னடீன் உள்ளே வந்தபோது வார இறுதி ஆபரேட்டர் கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டான். ஜன்னல் இன்னும் திறக்கவில்லை. இயந்திரத்தில் ஹெஸ்டரின் வேலையைத் தவிர வேறு எதுவும் இல்லை.

பெர்னடீன் தொப்பியைக் கழற்றிக்கொண்டே முகப்பைப் பார்த்தாள். விளக்குகள் உறைந்து நின்றன.

பக்கத்தில் இருந்த தட்டச்சு இயந்திரத்தில் ஒரு வரி அடிக்கப்பட்டிருந்தது. சில எழுத்துகள், சில எண்கள், அவ்வளவுதான். புதிய சிஸ்டத்தின் குறியீடுகளை அவள் இன்னும் கற்றிருக்கவில்லை; ஏதோ கோளாறைச் சொல்கிறது என்று நினைத்தாள். அந்தக் குறியீடுகளுக்கெல்லாம் அர்த்தம் சொல்லும் கையேடு செங்கல் தடிமனில் அலமாரியில் இருந்தது. அவள் அதை எடுக்கவில்லை. ஐயோ, ஹெஸ்டரின் கணக்கு நின்றுபோய்விட்டதே என்று பதறினாள். அவள் கை பொத்தானை அழுத்தியது. நினைவகத்தில் இருந்ததெல்லாம் அழிந்து, இயந்திரம் முதலிலிருந்து எழுந்தது.

"சிஸ்டம் நின்னு விழுந்துடுச்சு கிளிஃப்" என்று போனில் சொன்னாள். அப்போது அவள் பொய் சொல்லவில்லை.

கிளிஃபர்ட் ஓடிவந்தான். ஹெஸ்டரும் வந்தாள். "முடியற நேரம் பெர்னி. இன்னைக்குச் சாயங்காலம் முடிஞ்சிருக்கும்" என்று மட்டும் சொன்னாள். டாக்டர் ஆம்ஸ்லர் வந்து கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.

"மிஸ்டர் ஆஸ்டர்ஹவுஸ், இது இன்னொரு தடவை விழுந்தா பழைய சிஸ்டத்துக்கே திரும்பிடலாம். வெள்ளிக்கிழமை கூடிப் பேசி முடிவு பண்ணுவோம்."

அன்று பிற்பகல், ஜன்னல் வழியாக வந்த கட்டுகளை ஏற்றிக்கொண்டிருந்தபோது விளக்குகள் மறுபடி உறைந்தன. தட்டச்சு இயந்திரம் மறுபடியும் அதே மாதிரி ஒரு வரியை அடித்தது. பெர்னடீனின் கை எழுந்தது. பக்கத்தில் நின்ற கிளிஃபர்ட் திரும்பிக்கூடப் பார்க்காமல், "டேப் கேக்குது பெர்னி, மூணாவது பெட்டியில மாட்டுங்க" என்றான். அவள் மாட்டினாள். விளக்குகள் மினுக்க ஆரம்பித்தன.

பெர்னடீன் அப்படியே நின்றாள். காலையில் இயந்திரம் நிற்கவில்லை. டேப்புக்காகக் காத்துக்கொண்டிருந்தது. வேறு வேலை ஒன்றும் கையில் இல்லாததால் விளக்குகள் சும்மா இருந்தன. அவள்தான் அதைக் கொன்றாள்.

அப்போதே சொல்லியிருக்கலாம். ஆனால் அவள் கணக்குப் போட்டுப் பார்த்தாள். சொன்னால் சிஸ்டம் நல்ல சிஸ்டம் என்று ஆகிவிடும், அது நிலைக்கும், ஒரே ஒரு ஆபரேட்டர்தான் மிஞ்சுவார், பொத்தானை அழுத்தியவள் அந்த ஒருவராக இருக்கமாட்டாள். சொல்லாவிட்டால் பழைய சிஸ்டம் திரும்பி வரும், மூன்று பேரும் இருப்பார்கள். புதிய சிஸ்டம் விழுவது உலகத்தில் எல்லா இடத்திலும் நடப்பதுதான். யாரும் சந்தேகப்படமாட்டார்கள். அவள் வாயை மூடிக்கொண்டாள்.

கிளிஃபர்ட் இல்லாத பிழையைத் தேட ஆரம்பித்தான். சூப்பர்வைசர் நிரலை அச்சடித்த தாள்களைத் தரையில் பரப்பிவிட்டு அவற்றின் நடுவே குந்தியிருந்தான். செவ்வாய்க்கிழமை அவனுடைய டை காணாமல் போயிற்று.

"ஏதாவது சாப்பிட்டியா?" என்றாள் பெர்னடீன்.

"நான் எழுதின பகுதிதான் தப்பு பெர்னி. எங்கேன்னுதான் தெரியல. டேப் கேட்ட வரியோடதான் அது விழுந்திருக்கு, அந்த எடத்துல எனக்கு எப்பவுமே ஒரு சந்தேகம் உண்டு."

"அது சரியா இருந்தா?"

"சரியா இருந்தா ஏன் விழுது?"

அதற்கு அவளிடம் பதில் இருந்தது. தன் ரொட்டியில் பாதியைப் பிட்டு அவனிடம் கொடுத்துவிட்டு ஜன்னலுக்குப் போய்விட்டாள். புதன்கிழமை அவன் அந்தச் சந்தேகமான இடத்தை மாற்றி எழுதினான். நன்றாக இருந்ததைத் தொட்டான். ஹெஸ்டரின் கணக்கை மறுபடி முதலிலிருந்து ஏற்றினார்கள். வியாழக்கிழமை மதியம், அறை நிறைய ஆட்கள் இருக்கும்போதே, இயந்திரம் உண்மையாகவே விழுந்தது. இந்தத் தடவை யாரும் பொத்தானை அழுத்தவில்லை.

ஹெஸ்டர் கத்தவில்லை. தன் அட்டைப் பெட்டியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு கிளிஃபர்டைப் பார்த்தாள். "நாளைக்கு நான் ஆம்ஸ்லர்கிட்ட சொல்லப்போறேன். உன் சிஸ்டத்தைத் தூக்கி ஆத்துல போடச் சொல்லி. என் ஒரு வருஷத்தைத் தின்னுடுச்சு அது."

கிளிஃபர்ட் தலையை ஆட்டினான். "சொல்லுங்க. நானும் அதைத்தான் சொல்லப்போறேன். எனக்கு இந்த வேலை வராது."

அன்று சாயங்காலம் சர்ச்சின் கீழ்த்தளத்தில் பெண்கள் எல்லோரும் மறுநாள் விற்பனைக்காகப் பிரோஹி என்னும் கொழுக்கட்டை செய்துகொண்டிருந்தார்கள். தவக்காலத்து வெள்ளிக்கிழமைகளில் யாருக்கும் இறைச்சி கிடையாது. அதனால் மாவுக்குள் உருளைக்கிழங்கும் பாலாடைக்கட்டியும் வைத்து மடித்து ஓரத்தை அழுத்தும் வேலை மலை மாதிரி குவிந்திருக்கும். பெர்னடீன் பக்கத்தில் நின்ற லூட்மிலாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள்.

"பைத்தியக்காரி மாதிரி போய் உளறி வைக்காத" என்றாள் லூட்மிலா. "அந்த மிஷினு கெட்டுப்போச்சுன்னு அவங்களே சொல்றாங்க. உனக்கு என்னடி வந்துச்சு?"

"கெட்டுப்போகல லூ. அந்தப் பையன்தான் கெட்டுப்போறான். நல்லா இருக்கிறதையெல்லாம் பிரிச்சுப் போட்டுக்கிட்டு இருக்கான்."

"அவன் படிச்சவன். நாளைக்கே வேற எடத்துல சேந்துக்குவான். நீ? மறுபடியும் ஆலை வாசல்ல தட்டு தூக்கப்போறியா? அந்தக் குளுகுளு காத்து வேணாமா உனக்கு?"

"வேணும்."

"அப்ப ஓரத்தை நல்லா அழுத்து. வாயையும் சேர்த்து."

பெர்னடீன் அழுத்தினாள். வேண்டும் என்று அவள் சொன்னது உண்மைதான். அந்த அறையைவிட அவள் வேறு எதையும் அவ்வளவு ஆசைப்பட்டதில்லை. அதனால்தான் அவளுக்கு அவமானமாக இருந்தது.

வெள்ளிக்கிழமைக் கூட்டம் இயக்குநரின் அறையில் நடந்தது. ஹெஸ்டர் பேசினாள். கிளிஃபர்ட் எழுந்து, பிழை தன்னுடையது, அது எங்கே என்று தன்னால் காட்ட முடியவில்லை என்றான். டாக்டர் ஆம்ஸ்லர் பேனாவை மூடினார்.

"பதிவுக்காகக் கேக்கறேன். மிஸ் ஹூடாக், திங்கட்கிழமை காலையில நீங்க என்ன பாத்தீங்க? மிஷின் நின்னுபோயிருந்துச்சு, இல்லையா?"

ஆமாம் என்று சொன்னால் போதும்.

"விளக்கெல்லாம் நின்னு இருந்துச்சு சார்" என்றாள். "மிஷின் நிக்கல. டேப் கேட்டுக்கிட்டு இருந்துச்சு. எனக்கு அது புரியல. நான்தான் பொத்தானை அழுத்தினேன். மத்தியானமே எனக்குத் தெரிஞ்சுடுச்சு. சொல்லல."

கிளிஃபர்ட் மெதுவாக உட்கார்ந்தான். "திங்கட்கிழமை மத்தியானமேவா?" என்றான். "நான் தரையில கிடந்தப்ப உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"எனக்கு ரொட்டி கொடுத்தீங்களே."

"ஆமா."

அவன் எதுவோ கெட்ட வார்த்தை சொல்லப்போய், டாக்டர் ஆம்ஸ்லரைப் பார்த்து அடக்கிக்கொண்டான். ஹெஸ்டர் அவளைப் பார்க்கவே இல்லை. "அப்ப அந்த டேப்பை மாட்டியிருந்தா," என்று மேசையைப் பார்த்துச் சொன்னாள், "திங்கட்கிழமை சாயங்காலமே எனக்கு முடிஞ்சிருக்கும்." பெட்டியை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

கிளிஃபர்ட் புதன்கிழமை மாற்றியதைப் பழையபடி திருப்பி எழுதினான். சிஸ்டம் விழவில்லை. ஹெஸ்டரின் கணக்கு மூன்றாவது முறை ஓடி முடிந்தது. அந்த வெளிநாட்டுக் குழுவும் அதே வசந்தத்தில் தங்கள் முடிவை வெளியிட்டது. யார் முந்தியது என்று அவர்களுக்குள் இன்றுவரை சச்சரவு. ஹெஸ்டரின் வேலை பிழைத்தது. ஆனால் அவள் மறுபடி பெர்னடீனோடு உட்கார்ந்து சாப்பிட வரவில்லை.

டாக்டர் ஆம்ஸ்லர் கோபக்காரர் அல்ல. "உண்மையைச் சொன்னதுக்கு நன்றி" என்றார். சாவியைத் திருப்பி வாங்கிக்கொண்டார். பகலுக்கு மிஞ்சிய ஒரே ஆபரேட்டர் இடம் வேறொருவருக்குப் போயிற்று. பெர்னடீனை ஜன்னலுக்கு வெளிப்பக்கம், அட்டைகளை வாங்கி உள்ளே கொடுக்கும் மேசைக்கு மாற்றினார்கள். அங்கே குளிர்ந்த காற்று இல்லை.

சில வாரம் கழித்து கிளிஃபர்ட் கையில் தாள்களோடு அந்த மேசைக்கு வந்தான். இன்னும் அவளிடம் சரியாக முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

"சிஸ்டம் ஆபரேட்டர்கிட்ட என்னென்ன சொல்லுதோ எல்லாம் இதுல இருக்கு. எது புரியலைன்னு சொல்லுங்க."

"நான் உள்ளேயே இல்லையே. உள்ளே இருக்கிறவங்களைக் கேளு."

"அவங்க குறியீட்டை மனப்பாடம் பண்ணிட்டாங்க. அவங்களுக்கு எல்லாம் புரியுது. இது புரியாத ஆளுதான் எனக்கு வேணும்."

"ரொம்ப மரியாதை" என்று பெர்னடீன் தாளை இழுத்துப் படித்தாள். "இதுல ஒண்ணுமே புரியல. 'மூணாவது பெட்டியில டேப் மாட்டு, காத்திருக்கேன்'னு எழுதினா என்ன கேடு?"

"அவ்வளவு எழுத்துக்கு நினைவகத்துல எடமில்ல பெர்னி! ஒவ்வொரு எழுத்தும் ஒருத்தரோட கணக்குக்குப் போகவேண்டிய எடம்."

"அந்த எழுத்தை மிச்சம் பிடிச்சுத்தானே ஹெஸ்டரோட கணக்கே போச்சு?"

கிளிஃபர்ட் பென்சிலை எடுத்தான். "'காத்திருக்கேன்' மட்டும் வச்சுக்கலாம்" என்றான். "'பெட்டி'ங்கிறதை எடுத்துடலாம், எண் போதும்."

"எடுத்துக்கோ. 'டேப்' இருக்கணும்."

அப்படிப் பேரம் பேசிப் பேசியே அந்தக் கணினிக்கூடத்துச் சிஸ்டம் மனிதர் பாஷையில் நாலு வார்த்தை பேசக் கற்றுக்கொண்டது. ஆனாலும் அந்தக் கதவுக்குள் அவள் மறுபடி போகவில்லை. இயந்திரம் அந்தப் பக்கம் இருக்க, தான் இந்தப் பக்கம் அட்டைகளுக்கு ரப்பர் மாட்டிக்கொண்டிருப்பது கோடைக்குமேல் அவளால் தாங்க முடியவில்லை. ஆற்றுக்கு அக்கரையில் ஒரு உருக்கு நிறுவனம் அதே வகைக் கணினியை அப்போதுதான் வாங்கியிருந்தது. அங்கே ஆள் தேவை என்று கேள்விப்பட்டுப் போனாள். நேர்காணல் செய்தவர் ஒரு பெரிய உடம்புக்காரர், டோனட்டைக் கடித்தபடி பேசினார்.

"நல்ல எடத்துலதானே இருந்தீங்க. ஏன் வர்றீங்க?"

பெர்னடீன் இதற்கு ஒரு பதிலைத் தயாரித்துக்கொண்டு வந்திருந்தாள். வீட்டுக்குப் பக்கம் என்று சொல்வதாக இருந்தாள். அது வாயில் வரவில்லை.

"மிஷின் அறையிலேர்ந்து என்னை வெளியே போட்டுட்டாங்க. டேப்புக்காகக் காத்துக்கிட்டிருந்த மிஷினை, நின்னுபோச்சுன்னு நெனச்சு அழிச்சுட்டேன். விளக்கு அசையல, அதான். நாலு நாள் அங்க யார்கிட்டயும் சொல்லல. எல்லாரும் சிஸ்டத்தைத் திட்டிக்கிட்டு இருந்தாங்க."

அவர் கடிப்பதை நிறுத்தினார்.

"விளக்கு அசையலைன்னா?"

"வேற வேலை இல்லைன்னா அது அசையாது சார். சும்மா காத்துக்கிட்டிருக்கும்."

"காத்துக்கிட்டிருக்கும்" என்று அவர் திருப்பிச் சொன்னார். டோனட்டைத் தாளின் மேல் வைத்தார். பிறகு நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டு, திறந்திருந்த கதவை நோக்கி உரக்கக் கத்தினார்: "டேய் மார்வின்! மிஷின் தினமும் நின்னுபோகுதுன்னு அந்த கம்பெனி இன்ஜினியரை வரச் சொன்னியே, போன் போட்டு வேணாம்னு சொல்லு. காலையில யாருடா அந்தப் பொத்தானை அழுத்தினது?"

வெளியே ஒரு நாற்காலி அவசரமாக நகரும் சத்தம் கேட்டது.

அவர் திரும்பி அவளைப் பார்த்தார். "திங்கட்கிழமை வர முடியுமா?"

"இப்பவே வர்றேன்" என்றாள் பெர்னடீன். "மறுபடி யாராவது அழுத்திடப்போறாங்க."